மூன்று வரி இல்லாத அணில்

பெரும்பாலோர் அடுக்குமாடி வீடுகளில் வாழும் சிங்கப்பூரில், வீட்டு வாசலில் ஒரு புல்தரை அமைவது எளிதில் கிட்டாத பேறு. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, மகனுடன் சிராங்கூன் கார்டன்ஸ் வட்டாரத்துத் தரைவீட்டில் குடியேறியபோது எனக்கு அப்பேறு வாய்த்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள சிறு நிலம். ஓரத்தில் ஒரு கொய்யா மரம், ஒரு கறிவேப்பிலைச் செடி. நடுவில் புதிதாகப் பதித்த புல். காலையில் வெறுங்காலுடன் அதன்மீது நடந்தால், தஞ்சை மாவட்டத்து வரப்பொன்றில் நடப்பது போல நெஞ்சு குளிரும்.

அந்த மகிழ்ச்சி மூன்று வாரங்களே நீடித்தது. ஒருநாள் காலை, புல்தரையில் தேநீர்க் கோப்பையின் வாயளவில் ஏழெட்டுக் குழிகள் காணப்பட்டன. புல்லைப் பதித்து, மண்ணை அழுத்தி, நீர் வார்த்தேன். மறுநாள் புதிய குழிகள். மூன்றாம் நாள் சாளரத்தருகே அமர்ந்து காத்திருந்தேன். ஏழு மணி அளவில் கொய்யா மரத்திலிருந்து குற்றவாளி இறங்கி வந்தது. ஓர் அணில்! முன்கால்களால் மண்ணைப் பறித்து, எதையோ எடுத்துக் கொறித்து, அடுத்த இடத்திற்குத் தாவியது.

என் பேரன் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். தொடக்கப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு மாணவன். இராமர் பாலம் கட்டியபோது மணலில் புரண்டு மணல் சுமந்த அணிலின் கதையை முந்திய வாரந்தான் அவனுக்குச் சொல்லியிருந்தேன். இராமர் அன்புடன் முதுகைத் தடவிய விரல்களின் அடையாளமே மூன்று கோடுகள் என்று முடித்திருந்தேன்.

அவன் கண்களைச் சுருக்கிக்கொண்டு, "தாத்தா, இதன் முதுகில் மூன்று கோடுகளைக் காணோமே! அப்படியானால் இது இராமருக்கு உதவாத அணிலா?" என்று கேட்டான்.

நான் இருந்த சினத்தில், "ஆமாம், அதனால்தான் இப்படி அழிக்கிறது" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, அச்சொல் அன்று முழுவதும் என் உள்ளத்தை உறுத்திக்கொண்டே இருந்தது.

பேரன் கண்டது உண்மையே. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நாம் அறிந்த அணில் வேறு, இங்குள்ளது வேறு. இதனை ஆங்கிலேயர் 'வாழை அணில்' எனப் பொருள்படும் பெயரால் அழைப்பர். மலாய்க்காரர் 'துப்பாய்' என்பர். முதுகு சாம்பல் கலந்த பழுப்பு, வயிறு செம்பழுப்பு, இரு பக்கங்களிலும் கருப்பும் வெண்மையும் அடுத்தடுத்து ஓடும் ஒரு பட்டை. முதுகில் வரி ஏதும் இல்லை. தொல்காப்பிய மரபியலோ அணிலை மூன்று வரி உடையதாகவே சுட்டுகிறது. தொண்டரடிப்பொடியாழ்வார் தம் 'திருமாலை'யில் கடலடைக்க உதவிய அணிலை நினைந்து உருகுகிறார். இவற்றையெல்லாம் வகுப்பறையில் முப்பதாண்டுகள் கற்பித்த நான், என் வாசலுக்கு வந்த அணிலை, வரி இல்லை என்பதற்காகக் கதைக்கு வெளியே தள்ளிவிட்டேன்.

ஆயினும் சினம் அடங்கவில்லை. பக்கத்து வீட்டுச் சீன முதியவர் எலிக்கூண்டு ஒன்றைத் தர முன்வந்தார். "அங்கிள், பிடித்துக் கொண்டுபோய்க் காட்டில் விட்டுவிடுங்கள்" என்றார். வாங்க நீட்டிய கையை என் மகன் தடுத்தான். வன உயிர்களையும் பறவைகளையும் காக்கும் பழைய சட்டம் 2020 ஜூன் மாதத்தில் வனவிலங்குச் சட்டம் என்னும் புதுப்பெயருடன் வலுப்பெற்றதை அவன் எடுத்துரைத்தான். அனுமதியின்றிப் பொறி வைத்துப் பிடிப்பது குற்றம், உணவிடுவதும் குற்றம். முதன்முறை உணவிட்டவருக்கே 5,000 வெள்ளி வரை தண்டம் உண்டாம். "பிடிக்கத்தான் தடை என்றால் சரி, இந்தத் திருடனுக்கு யார் உணவிடப் போகிறார்கள்?" என்று நகைத்தேன்.

அடுத்த வழி மிளகாய்த்தூள். பேருந்தேறித் தேக்காவுக்குச் சென்றேன். ஒருகாலத்தில் மாட்டுத் தொழுவங்கள் நிறைந்திருந்த பகுதி அது. பஃபலோ ரோடு என்னும் பெயர் அப்பழமையை இன்றும் நினைவூட்டுகிறது. வழக்கமாகச் செல்லும் மளிகைக் கடையில் அரைக் கிலோ மிளகாய்த்தூள் கேட்டேன். "வீட்டில் விசேஷமா, ஐயா?" என்றார் கடைக்காரர். செய்தியைச் சொன்னேன். அவர் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே, "காலில் ஒட்டிய தூளோடு அது முகத்தைத் துடைத்துக்கொண்டால் கண் என்னாகும், ஐயா?" என்று கேட்டார். ஆசிரியனாகிய எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது. இருப்பினும் வாங்கிவந்து தூவினேன். அன்று மாலையே பெருமழை. ஆண்டில் ஏறத்தாழ 170 நாள்கள் மழை காணும் ஊரில் தூளை நம்பியவன் நான். மழை அதனைக் கழுவிச் சென்றபோது எனக்கு ஏமாற்றத்தைவிட ஆறுதலே மிகுதியாக இருந்தது.

மறுநாள் குழிகளை மூடக் குனிந்தபோது, ஒரு குழியின் ஓரத்தில் பழுப்பு நிறத் துணுக்கொன்று கிடக்கக் கண்டேன். எடுத்து முகர்ந்தேன். கடலைப் பிண்ணாக்கு! என் கையாலேயே இட்ட உரம். ஊரில் என் தந்தையார் தென்னைக்கு இட்ட பழக்கத்தை எண்ணி, தேக்காவில் வாங்கிவந்து பொடித்துப் புல்லுக்கு அடியில் தூவியவன் நானே. நிலக்கடலையின் மணம் வீசும் பண்டத்தை மண்ணில் ஓர் அங்குல ஆழத்தில் புதைத்துவைத்துவிட்டு, தோண்டியவனைத் திருடன் என்றேன். உணவிடுவோர் யார் என்று நகைத்தவனே உணவிட்டுக்கொண்டிருந்தான்.

அதன்பின் செய்ய வேண்டியது எளிதாயிற்று. எஞ்சிய பிண்ணாக்கைத் தோண்டி எடுத்தேன். அதற்கு மாற்றாக நன்கு மட்கிய தழையுரத்தை இட்டேன். மண்ணின்மேல் மெல்லிய கம்பி வலையைப் பரப்பி, ஓரங்களில் முளையடித்து, அதன்மேல் புல்லைப் பதித்தேன். வேர் வலையின் கண்கள் வழியே இறங்கிவிடும். அணிலின் கால்கள் இறங்கா. உதிர்ந்த கொய்யாப் பழங்களை நாள்தோறும் பொறுக்கினேன். ஒரு வாரத்தில் குழிகள் நின்றன. அணிலும் வரவில்லை.

வெற்றிதான். ஆனால் அவ்வெற்றி எனக்கு இனிக்கவில்லை. மகனும் மருமகளும் வேலைக்குச் செல்ல, பேரன் பள்ளிக்குச் செல்ல, பகல் முழுவதும் அவ்வீட்டில் நான் ஒருவனே. அப்போது குறுந்தொகையின் நாற்பத்தொன்றாம் பாடல் நினைவுக்கு வந்தது. தலைவன் உடனிருந்தால் விழாக் கொண்ட ஊர்போல் மகிழ்வேன். பிரிந்தால், மக்கள் விட்டு நீங்கிய, அணில்கள் விளையாடும் முற்றத்தையுடைய தனிவீடு போல் பொலிவிழப்பேன் என்கிறாள் தலைவி. அவ்வுவமையின் அழகால் அப்புலவருக்கு அணிலாடு முன்றிலார் என்னும் பெயரே நிலைத்துவிட்டது. மனிதர் நீங்கிய முற்றத்தின் வெறுமைக்கு அடையாளம் அணில் என்று எத்தனையோ முறை கற்பித்திருக்கிறேன். அணிலும் நீங்கிய முற்றத்தின் வெறுமையை அன்றுதான் உணர்ந்தேன்.

ஒன்பதாம் நாள் காலை, கொய்யாக் கிளையில் சலசலப்பு. அதே செம்பழுப்பு வயிறு. பழுத்த கொய்யா ஒன்றை இரு கைகளாலும் பற்றிக் கொறித்துக்கொண்டிருந்தது. விடுமுறை நாள் ஆதலால் பேரனும் வீட்டில் இருந்தான். அவனை அழைத்து அருகில் நிறுத்திக்கொண்டேன்.

"அன்று உன்னிடம் தவறாகச் சொல்லிவிட்டேன். குழி தோண்டியது அணில். தோண்ட வைத்தவன் நான். முதுகில் வரி இல்லை என்பதற்காக ஓர் உயிரைக் கெட்டது என்று சொல்லக்கூடாது. நாராயண பிள்ளை 1819 ஆம் ஆண்டில் இங்கு வந்து இறங்குவதற்கு முன்பே இதன் முன்னோர் இம்மரங்களில் வாழ்ந்தனர். நாம்தான் பின்னால் வந்தவர்கள்" என்றேன்.

அவன் சிறிது நேரம் எண்ணிப் பார்த்தான். பிறகு, "இராமர் இந்தப் பக்கம் வரவில்லை போலிருக்கிறது, தாத்தா. வந்திருந்தால் இதையும் தடவியிருப்பார்" என்றான்.

முப்பதாண்டுகள் கற்பித்தவன் அன்று ஒரு பாடம் கற்றுக்கொண்டேன். கிளையிலிருந்த அணிலோ எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, மீண்டும் பழத்தைக் கொறிக்கத் தொடங்கியது.