அந்த 5 செக்கன்

கணினித் திரையின் வலது பக்கக் கீழ் மூலையில் ஒரு சின்னப் பெட்டி வந்து போகும். மின்னஞ்சல் வந்திருக்கிறது, சார்ஜ் குறைகிறது என்று ஏதாவது சொல்லும். விண்டோஸில் நாம் எதையும் மாற்றாவிட்டால் அது நிற்பது 5 செக்கன்தான். நாமெல்லாம் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிற ஆட்களா? புள்ளிப் பட்டியலைப் பார்த்து அடிக்கிறவரின் கண் பாதி நேரம் கடதாசியில். இடையில் "டீச்சர்" என்று ஒரு பிள்ளை வாசலில் வந்து நிற்கும். திரும்பிப் பார்த்தால் பெட்டி போயிருக்கும்.

எங்கள் பாடசாலை அலுவலகத்தில் கணினிக்கு முன்னால் இருப்பவருக்குக் காது கொஞ்சம் மந்தம். உயர்தரப் பிள்ளைகளின் விபரத்தை 2 மணிக்கு முன் திருத்தி அனுப்பச் சொல்லிக் காலையில் வந்த மின்னஞ்சல், ஒன்றரை மணிக்குத்தான் எங்கள் கண்ணில் பட்டது. ஓடிப்பிடித்து அனுப்பிவிட்டோம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மனுஷன் அன்று பகல் சாப்பிடவேயில்லை. அவரில் என்ன பிழை? கேட்காதவரைச் சத்தம் போட்டல்லவா கணினி கூப்பிட்டிருக்கிறது!

அன்றைக்கே செட்டிங்ஸைத் திறந்தோம். விண்டோஸ் 11 இல் அக்ஸஸிபிலிட்டி, அதற்குள் விஷுவல் எஃபெக்ட்ஸ். அறிவித்தல் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று அங்கே தெரிவு செய்யலாம், 5 நிமிடம் வரை இருக்கிறது. நாங்கள் ஒரு நிமிடம் வைத்தோம். அதைவிடக் கூட்டினால் பெட்டி மூலையை மறைத்துக்கொண்டு எரிச்சல் தரும். அதே அக்ஸஸிபிலிட்டியில் ஓடியோ என்பதற்குள் போனால், சத்தம் வரும்போது முழுத் திரையும் மின்னும்படி செய்யலாம். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் ஈஸ் ஒஃப் அக்ஸஸ் என்ற பகுதியில் டிஸ்பிளே, ஓடியோ இரண்டையும் பாருங்கள். காசு செலவில்லை, புதிதாக எதையும் இறக்கத் தேவையுமில்லை.

இன்னொன்று. ஏதாவது இணையத்தளத்துக்குப் போனதும் "அலவ்" என்று கேட்டால் நம்மவர்கள் யோசிக்காமல் அமத்திவிடுகிறார்கள். பிறகு "உங்கள் கணினியில் வைரஸ்" என்ற பொய்யும் விளம்பரமும் அதே மூலையில் வரிசையாக வரும். அந்தக் குப்பைக்குள் உண்மையான அறிவித்தலை யார் தேடுவது? குரோமின் செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய்த் தேவையில்லாத தளங்களை நிறுத்திவிடுங்கள். எங்கள் அலுவலகத்தில் இதைச் செய்த பிறகுதான் மற்ற மாற்றங்களின் பலனே தெரிந்தது.

தவறிப்போனதைப் பார்க்க விண்டோஸ் 11 இல் விண்டோஸ் பொத்தானோடு என், 10 இல் ஏ.

ஆசிரியர்களுக்குத் தனியாக ஒரு சொல். கணினித் திரையை அப்படியே புரொஜெக்டரில் காட்டும்போது விண்டோஸ் தானாகவே அறிவித்தல்களை மௌனமாக்கும். பிள்ளைகள் முன்னால் நம் சொந்த மெசேஜ் வந்து நிற்காமலிருக்க அது நல்லதுதான். ஆனால் வயரைக் கழற்றாமல் அப்படியே விட்டுவிட்டு மற்ற வேலை பார்த்தால் மௌனமும் தொடரும். பாடம் முடிந்ததும் வயரைக் கழற்றிவிட்டு, மணிக்கூட்டுக்குப் பக்கத்திலுள்ள மணி அடையாளத்தை ஒரு தரம் பாருங்கள்.