புதையல் சுமந்த காளை

புதையல் பெட்டியைச் சுமந்துகொண்டு ஒரு காளை எதிரே வருகிறது. பெட்டியை அமுக்கும் எண்ணத்தோடு ‘ஏ’ என்பவன் அதை வேறு திசையில் ஓட்டுகிறான். பெட்டியை அவன் தொடக்கூட இல்லை. ஆனால் காளை நகர ஆரம்பித்ததுமே திருட்டு முடிந்துவிட்டது என்கிறது சட்டம். வகுப்பில் மற்ற பிள்ளைகள் இதைக் குறித்துக்கொண்டு அடுத்த உதாரணத்துக்குப் போய்விட்டார்கள். நான் காளையோடு நின்றுவிட்டேன். இவ்வளவு பணத்தை ஏற்றி அதைத் தனியே அனுப்பிய புண்ணியவான் யார்?

நாற்பத்தெட்டு வயதில் எல்.எல்.பி. படிப்பதில் உள்ள சுகமே, இப்படி நின்றுவிடலாம் என்பதுதான். இரவில் பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்துகிறேன். நகரப் பதிப்பு அச்சுக்குப் போய் வீடு சேர இரண்டு மணியாகிவிடும். காலையில் கல்லூரி. எழுபது சதவீத வருகைப்பதிவு வேண்டும் என்பது விதி. வகுப்புக்கே போகாமல் பட்டம் வாங்கித் தருவதாகப் பக்கத்து மாநிலத்தைக் கைகாட்டிய தரகர்களும் உண்டு. தூங்குவதானாலும் பெஞ்சில் உட்கார்ந்தே தூங்குவது என்பது என் கொள்கை.

“முடிச்சுட்டு என்ன அங்கிள் பண்ணப்போறீங்க?” என்று வகுப்புப் பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். முழுநேரச் சம்பளக்காரன் வக்கீல் தொழில் செய்யக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஆகவே என் கறுப்பு அங்கி ஓய்வு பெறும்வரை பொறுத்திருக்கும். முப்பது வயதைத் தாண்டியவர்கள் இந்தப் படிப்பில் சேரவே கூடாது என்று 2016-இல் அதே கவுன்சில் சொல்லிப் பார்த்தது. மறு வருடம் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. தாமதம் என்று பார்த்தால் மெக்காலேயைவிடவா? அவர் தலைமையில் தண்டனைச் சட்டத்தின் வரைவு தயாரானது 1837-இல். அது சட்டமானது 1860-இல். அவரோ 1859 டிசம்பரிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்தச் சட்டத்துக்கும் 2024 ஜூலை 1-ஆம் தேதி ஆயுள் முடிந்து, புதுச் சட்டம் வந்தது. சினிமா எனக்குக் கற்றுக்கொடுத்த எண்களெல்லாம் வீண். கொலை 302-லிருந்து 103-க்குக் குடிபோனது. நானூற்றிருபது 318 ஆகிவிட்டது; ஆனால் “டேய் முந்நூற்றுப் பதினெட்டு” என்று இன்னும் யாரும் திட்டிக் கேட்கவில்லை. திருட்டு 378-ஐ விட்டு 303-க்கு வந்தபோது காளையும் பெட்டியோடு கூடவே வந்துவிட்டது. இரவில் செய்தியைத் திருத்தும்போது இந்தக் குழப்பம் பிழைப்பாகவே மாறுகிறது. சம்பவம் எந்தத் தேதியில் நடந்தது என்று பார்த்துத்தான் எண்ணில் கைவைக்க வேண்டும். அந்த ஜூலைக்கு முன்பு செய்த கொலைக்கு இன்றும் 302-தான். நிருபர்கள் தேதியைப் பார்ப்பதில்லை. எனக்கோ அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் வேறொன்று. நண்பன் இல்லாத நேரத்தில் ‘ஏ’ அவன் நூலகத்துக்குள் போய், படிப்பதற்காக மட்டும் ஒரு புத்தகத்தை எடுத்துப் போகிறான். நண்பன் வேண்டாமென்று சொல்லமாட்டான் என நம்பி எடுத்திருந்தால் அது திருட்டில்லையாம். இதை எழுதியவர் யாருக்கும் புத்தகம் இரவல் கொடுத்தே இருக்கமாட்டார்.

தீபாவளிக்கு முன்னால், என் மேசையில் இருந்த பேர் ஆக்டை, அதாவது உரையில்லாத சட்டப் புத்தகத்தை, விளையாட்டுப் பக்கத்து நண்பர் எடுத்துப் போனார். பொங்கலும் போயிற்று. கேட்டால், “உங்க 303-ஐப் பாருங்க சார், நான் திருடன் இல்லை” என்கிறார். அந்தப் பக்கத்தை மட்டும் படித்திருக்கிறார்! பதினொரு பிரிவு தள்ளி, 314-இல் அதே நூலகம் மறுபடி வருகிறது: எடுத்துப் போன புத்தகத்தைப் பிறகு விற்றுக் காசாக்கினால் குற்றம். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லி, அவருக்கு அப்படியொரு யோசனை வந்துவிட்டால்? அடுத்த வாரம் எனக்கு இன்டர்னல் தேர்வு வேறு.