கடைசிக் குடித்தனம்

பென்ஷன் வாங்கும் வயது நெருங்கியதும் சமவெளிக்காரருக்கு மலைமேல் ஓர் ஆசை பிறந்துவிடுகிறது. இத்தனை வருஷம் வெயிலில் காய்ந்தாயிற்று, மிச்சமுள்ள காலத்தையாவது குன்னூர்க் குளிரில் கழிக்கலாமே என்கிறது மனசு. என் நண்பர் ஒருவருக்கும் அந்த ஆசை வந்தது. வீடு பார்க்க என்னையும் அழைத்துக்கொண்டு போனார்.

நண்பர் வெகு ஜாக்கிரதைக்காரர். ஆறாயிரம் அடி உயரத்துக் குளிர் மூட்டுவலிக்கு ஒத்துக்கொள்ளுமா, அடைமழையில் மண் சரியுமா, நடுநிசியில் நெஞ்சு வலித்தால் கோயம்புத்தூருக்கு எப்படி இறங்குவது என்றெல்லாம் ஒரு காகிதத்தில் கேள்விகள் எழுதி வைத்திருந்தார். நியாயமான கேள்விகள்தான். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பது பேருக்குமேல் மாண்டதை மறந்துவிட முடியுமா?

இரண்டு வீடுகள் பார்த்துக் களைத்து, தேயிலைத் தோட்டத்தோரம் உட்கார்ந்திருந்தோம். கொழுந்து பறித்துத் திரும்பிய ஓர் அம்மாள் பேச்சுக் கொடுத்தார்.

"வீடு வாங்க வந்தீங்களா, ஐயா? எனக்குத் தை மாசத்தோட வேலை முடியுது. வீட்டையும் விடணும்."

ஒன்பது வயதில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கியவராம். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, இலங்கை மலைநாட்டுத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழக அரசு 1968-இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. சர்க்கார் காகிதங்களில் அவர்களுக்குப் பெயர் 'தாயகம் திரும்பியோர்'. பிறந்ததோ கண்டிச் சீமையில். திரும்பியது பாட்டன் புறப்பட்ட நாட்டுக்கு!

தோட்டத்து லயம் வேலையோடு ஒட்டிய வீடு. வேலை செய்கிறவர்களுக்கு வீடு கொடுக்கவேண்டும் என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்தில் பேர் பதிந்தால் குடும்பம் அங்கேயே தங்கலாம். அதற்காக, திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் மகளைத் திரும்ப வரச் சொல்வதா என்று அந்த அம்மாள் தவித்துக்கொண்டிருந்தார்.

"அவளாச்சும் கூடையைச் சுமக்க வேணாம்னுதான் படிக்க வச்சேன், ஐயா" என்றார்.

நண்பருடைய காகிதத்தில் இப்படியொரு கேள்வி இல்லை.

முதுமையில் வீடு மாறுவது யாருக்கும் சிரமந்தான். ஆனால் மலை ஒத்துக்கொள்ளாவிட்டால் நாம் வீட்டை விற்றுவிட்டு ஊருக்கு இறங்கிவிடலாம். அந்த அம்மாளுக்கு இறங்குவதற்கு ஊர் ஏது? வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே கூலியில் வைப்பு நிதி பிடிக்கிறார்கள் அல்லவா? அதேபோல வீட்டுக்கும் அன்றைக்கே வழி செய்யத் தொடங்கவேண்டும். ஓய்வு பெறும் நாளில் கழுத்துக்கு மாலையோடு, கையில் இரண்டு சென்ட் நிலத்துக்குப் பட்டாவும் கிடைக்கட்டும். திருப்பூரில் இருக்கும் பெண் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு, தீபாவளிக்குத் தாயைப் பார்க்க வந்து போவாள்.