‘படம் வருன்னில்லா’

வகுப்பறைப் பேச்சைப் பதிவுசெய்யக் கேரளத்தின் அரசுப் பள்ளிகளுக்குச் சென்றுவருகிறேன். அங்கே அடிக்கடி காதில் விழும் தொடர், ‘படம் வருன்னில்லா.’ தமிழ்ச் செவிக்கும் உடனே விளங்கும் மலையாளம். ஆனால் புரொஜெக்டரின் கேபிள் கழன்றதா, மடிக்கணினியின் அமைப்பு மாறியதா, மின்சாரமே இல்லையா என்பதை அத்தொடர் சொல்வதில்லை. ‘எப்போது நின்றது? கடைசியாக எதைத் தொட்டீர்கள்?’ என்று கேட்டறிவதே தொழில்நுட்ப உதவியாளரின் பாதிப் பணி.

2001இல் தொடங்கிய ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டம் 2017இல் ‘கைட்’ நிறுவனமாயிற்று. கட்டற்ற மென்பொருளில் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவரே பள்ளியின் ஒருங்கிணைப்பாளர். 2018 முதல் ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர்களும் கைகொடுக்கின்றனர். பழுதைச் சொல்பவரும் நீக்குபவரும் ஒரே வகுப்பறையின் மொழியைப் பேசுகின்றனர். ஒப்பந்தப் பணியாளரை மட்டும் நம்பும் பள்ளிகளிலோ, ஒப்பந்தம் முடிந்தால் அந்தப் பழக்கமும் அவரோடு போய்விடும்.

ஆயினும் ஒருங்கிணைப்பாளரும் பாடம் நடத்துபவரே. அடுத்த அறையின் திரையைச் சரிசெய்ய அவர் எழுந்து சென்றால், அவருடைய வகுப்பு காத்திருக்கிறது. கருவி வாங்கும் திட்டங்கள், அவருக்கான நேரத்தையும் கால அட்டவணையில் எழுத வேண்டும். பயிற்சியில் கேள்வி கேட்கும் கலையையும் சேர்க்க வேண்டும்.