ஒப்படைக்காத தீப்பெட்டி

2025ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள், இத்தாலி நாட்டுத் தூரின் நகரத்து இளைஞர் பியர் ஜோர்ஜோ ஃப்ரசாத்தி, திருத்தந்தை பதினான்காம் லியோவால் புனிதராக அறிவிக்கப்பட்டார். 1925இல் தமது இருபத்துநான்காம் வயதில் இளம்பிள்ளைவாத நோயால் இறந்த இவர், ஏழைகளின் வீடு தேடிச் சென்று உதவியவர். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு ஆல்ப்ஸ் மலைகளில் ஏறியவர். அவருடைய படத்தை ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டிய நாமே அதனால் ஒரு தொல்லையையும் விலைக்கு வாங்கிக்கொண்டோம். இரண்டு வாரத்திற்குள் இளைஞர் குழுவினர் பங்குமனைக்குத் திரண்டு வந்தார்கள். "நமக்கும் மேற்கே மலை இருக்கிறதே சாமி! ஓர் இரவு மேலே தங்கி, நான்கைந்து மலைகளைக் கடந்து வரலாமே" என்பது அவர்களுடைய விண்ணப்பம்.

காலையில் ஏறி மாலையில் இறங்குவதானால் ஏற்பாடு செய்வோம், இரவு தங்குவது மட்டும் ஆகாது என்றோம். முகங்கள் சுருங்கின. வாசலைத் தாண்டியதும் ஒருவன், "சாமிக்கு வயசாயிருச்சு" என்று சொன்னதாகக் கேள்வி. வயது ஆகத்தான் செய்திருக்கிறது. ஆனால் காரணம் அதுவன்று. உண்மையான காரணத்தை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்ல நமக்கு வெட்கமாக இருந்தது. இங்கே எழுதிவிடுகிறோம், அவர்கள் வீட்டுக்கும் இந்த இதழ் போகிறது.

1998ஆம் ஆண்டு. குருப்பட்டம் பெற்று மூன்று ஆண்டுகள் நிறையாத நாம், சிவகாசிப் பக்கத்துப் பங்கு ஒன்றில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தோம். பங்கின் இளைஞர்களில் பெரும்பாலோர் பட்டாசு ஆலைகளிலும் தீப்பெட்டி ஆலைகளிலும் அச்சகங்களிலும் வேலை பார்த்தவர்கள். தீபாவளியை விட்டால், பங்குனிப் பொங்கலையொட்டி ஆலைகள் மூடப்படும் சில நாட்களே அவர்களுக்குச் சேர்ந்தாற்போல் கிடைக்கும் ஓய்வு. அவ்வாண்டு அந்த ஓய்வு தவக்காலத்திற்குள் வந்தது. தவ நடையாக ஒரு மலைப்பயணம் போகலாம் என்று நாமே முன்மொழிந்தோம்.

தவம் என்று சொன்னோமேயொழிய, உள்ளே ஒரு சிறு பெருமையும் ஒளிந்திருந்தது. திருத்தந்தை பதினோராம் பத்திநாதர், இளங்குருவாய் இருந்த காலத்தில் பெரிய மலையேறி. 1889இல் இன்னொரு குருவுடனும் வழிகாட்டிகளுடனும் மோந்தே ரோசா மலையின் கிழக்கு முகத்தில் ஏறி, உச்சியை அடுத்த ஒரு பாறை விளிம்பில் இரவு முழுவதும் உறங்காமல் கழித்தவர். குருமட நூலகத்தில் இதைப் படித்த நாள் முதலாக நமக்கும் ஒரு மோந்தே ரோசா வேண்டியிருந்தது. அந்தப் பனிப்பாறையில் அவர் மூட்டிக்கொள்ளச் சுள்ளி ஒன்றும் இருந்திருக்காது என்பது மட்டும் நம் சிந்தையில் படவே இல்லை.

நமக்கு வாய்த்தது சதுரகிரி. வத்திராயிருப்புக்கு மேற்கே தாணிப்பாறை அடிவாரம். அங்கிருந்து சுந்தரமகாலிங்கம் கோயில் வரை ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் ஏற்றம். கோயிலுக்கு அப்பால் மலைமேல் மலையாய்த் தாண்டிப் போனால் வருசநாட்டுப் பக்கம் உப்புத்துறையில் இறங்கலாம். ஆடி அமாவாசைக்கு மூன்று மாவட்டத்து மக்களும் ஏறும் மலை அது. "கோயில் மலைக்குக் குருவானவர் போகலாமா?" என்று பங்கில் ஒரு பெரியவர் கேட்டார். வழியில் நமக்குத் தண்ணீர் தந்தவர்களும், மேலே அன்னதான மடத்தில் இலை போட்டுச் சோறிட்டவர்களும் அப்படி எதுவும் கேட்கவில்லை.

இளைஞர்கள் பன்னிருவர். திருத்தூதர் எண்ணிக்கை என்று நாம் மகிழ்ந்துகொண்டோம். அவர்களில் இருவர் இந்துத் தோழர்கள் என்பது வேறு. வழிகாட்ட அடிவாரத்துப் பளியர் குடியைச் சேர்ந்த முதியவர் ஒருவர் வந்தார். அந்த மலைச்சரிவுகள் 1988லேயே சாம்பல் நிற மலை அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை. வனத்துறையிடம் அனுமதி பெறவேண்டும் என்ற எண்ணமே நமக்கு எழவில்லை. இது முதற்பிழை.

அடிவாரத்தில் ஒரு தம்பி எல்லாரையும் நிறுத்தினார். வயது இருபத்துமூன்று இருக்கும். மருந்துக்கலவை அறையில் வேலை. சிறுவனாய் இருந்தபோதே தந்தையை ஆலை விபத்தொன்றில் இழந்தவர். கையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை வைத்துக்கொண்டு, "பீடி, சிகரெட், தீப்பெட்டி, லைட்டர் எல்லாத்தையும் இதுல போடுங்க. நாளைக்கு அங்கிட்டு எறங்குனதும் அவங்கவங்களுக்குத் தந்துருவேன்" என்றார். ஆலை வாசலில் நாள்தோறும் நடக்கும் சோதனைதானே என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டார்கள். டப்பா நம் முன்னால் வந்தபோது, "நம்மிடம் என்ன இருக்கப்போகிறது, தம்பி?" என்றோம். நம் பையில், திருப்பலிப் பொருட்களோடு, மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் இருந்தன. பீடத்துக்கு உரியது கணக்கில் வராது என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

ஏற்றத்தைப் பற்றி விரித்துரைக்க ஒன்றுமில்லை. வழுக்குப்பாறையில் வழுக்கினோம், கோரக்கர் குகையருகே இளைப்பாறினோம், பங்குனி வெயிலில் ஓடைகள் வறண்டு கிடந்தன. நண்பகலில் மடத்துச் சோறு. பிறகு மேற்கே, யாத்திரிகர் கூட்டமில்லாத தடம். ஒரு மலை ஏறி இறங்கினால் அடுத்தது நிற்கும். மூன்றாவதைக் கடந்ததும் பேச்சு நின்றுபோயிற்று. ஆள் மறையும் உயரத்திற்குக் காய்ந்த புல் இருபுறமும் உரசிக்கொண்டே வந்தது.

பொழுது சாயும் நேரத்தில், நாலாவது மலையின் தோளில், புல்லுக்கு நடுவே அகன்ற மொட்டைப்பாறை ஒன்று கிடைத்தது. சற்றுக் கீழே ஒரு சுனை. அந்தத் தம்பி பாறையைச் சுற்றி வந்து பார்த்தார். இருவழியாக இறங்கித் தப்ப முடியுமா என்று பார்த்தாராம். பட்டாசு ஆலையின் வேலையறைக்கு நான்கு பக்கமும் வாசல் வேண்டும்; நான்கு பேருக்கு மேல் உள்ளே இருக்கலாகாது; இரும்புக் கருவி கூடாது; மிஞ்சிய கலவையை மறுநாளைக்கென்று வைத்துவிட்டுப் போகலாகாது. இவை விதிப்புத்தகத்தில் இருக்கின்றன. அவருக்கோ அவை உடம்பிலேயே ஊறியிருந்தன. படுக்கைகளையும் நான்கு நான்கு பேராகப் பிரித்துப் போட்டார்.

அவலும் கருப்பட்டியும் தின்று முடித்தபோது குளிர் ஏறியது. நாம் மறையுரை ஒன்று ஆயத்தம் செய்து வைத்திருந்தோம்: ஓரேபு மலையில் எலியா இறைவாக்கினர். அதற்கு ஒரு கணப்பு எரிந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றிற்று. குருமடத்துச் சுற்றுலாக்களில் நெருப்பைச் சுற்றியமர்ந்து பாடாத இரவு உண்டா? சுள்ளி பொறுக்கி வரச் சொன்னோம்.

"வேணாம் சாமி" என்றார் தம்பி.

"பாறையின் நடுவில்தானே, தம்பி. குழியும் இருக்கிறது."

"பங்குனிப் புல்லு சாமி. மலை முச்சூடும் மருந்தறை மாதிரி கெடக்கு. காத்து எப்பத் திரும்பும்னு சொல்ல முடியாது."

காற்று அப்போது பள்ளத்திலிருந்து மேல்நோக்கி இதமாக வீசிக்கொண்டிருந்தது. அதைச் சுட்டிக்காட்டினோம். இளைஞர்கள் இரு கட்சியானார்கள். குளிர் நம் பக்கம் ஆள் சேர்த்தது. "தீப்பெட்டிக்கு எங்கே போவீங்க சாமி?" என்று ஒருவன் கேட்டான். நாம் பையைத் திறந்து எடுத்தோம். எவரும் ஒன்றும் பேசவில்லை. தம்பி நம்மை ஒருமுறை பார்த்தார். பிறகு தம் கம்பளியை எடுத்துக்கொண்டு இருட்டில் இறங்கிப் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றே நினைத்தோம். பளியர் முதியவரும் வாய் திறக்கவில்லை. தம் மூட்டையைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பாறையின் மறுகோடியில் வைத்துக்கொண்டார். அதன் பொருள் நமக்கு அப்போது விளங்கவில்லை.

தம்பி திரும்பியபோது அவருடைய கம்பளி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. சுனையில் முக்கி எடுத்து வந்திருந்தார். அதைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் பின்னால், புல்லோரமாக நின்றார்.

இரண்டு பாட்டு முடிந்தது. வளர்பிறை நிலவு மேற்கே இறங்கிற்று. மலையில் பகலெல்லாம் மேல்நோக்கி ஏறும் காற்று, பாறையும் மண்ணும் குளிர்ந்த பின் உச்சியிலிருந்து கீழ்நோக்கி வழியும் என்பதைப் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டோம். அன்று அது ஒரே மூச்சில் நடந்தது. தீ நம் பக்கமாகச் சாய்ந்தது. எரிகொள்ளி ஒன்று வெடித்தது. பொறிகள் நம் தலைக்கு மேலாகப் பறந்தன. பின்னால் "சர்" என்று ஓர் ஓசை. திரும்பினால், பாறை விளிம்பில் ஒரு முழ அகலத்திற்குப் புல் பற்றியிருந்தது. நாம் அது என்னவென்று உணர்வதற்குள் அது ஆளுயரம்.

தம்பி கம்பளியை விரித்து அதன்மேல் விழுந்தார். மெய்யாகவே விழுந்தார். இன்னும் நால்வர் தத்தம் போர்வைகளோடு பாய்ந்தார்கள். முதியவர் பச்சைக் கிளை ஒன்றை ஒடித்து வந்து ஓரங்களை அடித்தார். எல்லாம் ஐந்து நிமிடம் இருக்கலாம். நாம் என்ன செய்தோம் என்று கேட்டால், நின்றோம்.

பிறகு கணப்பையும் தண்ணீர் ஊற்றிக் கரைத்தார்கள். இருட்டில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாதிருந்தது நமக்கு உதவியாயிற்று. தம்பியின் வலது முன்கையில் தோல் உரிந்திருந்தது. முதியவர் தம் குடுவையிலிருந்து தேன் எடுத்துத் தடவினார். "மன்னித்துக்கொள்ளுங்கள், தம்பி" என்றோம். "படுங்க சாமி, காலைல வெள்ளனா எந்திரிக்கணும்" என்றார். நம் கம்பளியைக் கொடுத்தபோது மறுக்காமல் வாங்கிக்கொண்டார். அந்தக் குளிரில் நாம் உறங்காமல் உட்கார்ந்திருந்தது தவத்தில் சேருமோ என்னவோ. எலியாவுக்கு ஆண்டவர் நெருப்பில் வரவில்லை, அதற்குப் பின் வந்த மெல்லிய ஓசையில்தான் வந்தார் என்பது நாம் சொல்லவிருந்த மறையுரையின் மையக்கருத்து. தாள் சட்டைப்பையிலேயே இருந்தது.

விடியற்காலையில் பாறைமேல் துணி விரித்துத் திருப்பலிக்கு ஆயத்தம் செய்தோம். மெழுகுவர்த்தியை எடுக்கவில்லை, திருவழிபாட்டு ஒழுங்கு தெரிந்த சகோதரக் குருக்கள் பொறுத்தருள்க. தம்பிதான் வந்து, "மெழுகுதிரி எங்க சாமி?" என்றார். பிஸ்கட் டப்பாவைக் காலி செய்து, சுனை மணலை ஈரத்தோடு நிரப்பி, அதில் மெழுகுவர்த்தியை நட்டார். தீப்பெட்டிக்காக நம்மிடம் கை நீட்டினார். ஒரே குச்சி. ஏற்றியதும் அந்தக் குச்சியை ஈரமணலில் குத்தி வைத்தார். திருப்பலி முடிந்ததும் சுடரை விரல்களால் அணைத்து, திரி ஆறும்வரை தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டே எடுத்துக் கொடுத்தார்.

உப்புத்துறையில் இறங்கினோம். பேருந்துக்குக் காத்திருந்த இடத்தில் அவரவர் தீப்பெட்டியை அவரவருக்குப் பிரித்துக் கொடுத்தார். நம்முடையது அவர் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது. நாமும் கேட்கவில்லை.

2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொழுக்குமலையில் இரவு தங்கிவிட்டு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத் தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பலரும் இளவயதினர், பெண்கள் பலர். அந்தத் தீ எப்படி மூண்டது என்று ஆராய நாம் வரவில்லை; மாண்டவர்கள்மேல் பழி சொல்லவும் வரவில்லை. சரிவில் காய்ந்த புல் பற்றினால் அனல் மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடும். மனிதன் ஏறும் வேகத்தைவிடத் தீ ஏறும் வேகம் அதிகம். தொலைக்காட்சியில் அந்தக் கரிந்த சரிவைக் கண்டபோது, இருபது ஆண்டுகளுக்கு முன் நம் பின்னால் கேட்ட "சர்" என்ற ஓசை மறுபடி கேட்டது. தொலைபேசியில் அந்தத் தம்பியைத் தேடிப் பிடித்தோம். செய்தியை அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் இருவரும் பேசவில்லை. கடைசியில், "கம்பளி நல்ல கெட்டிக் கம்பளி சாமி" என்றார்.

குரங்கணிக்குப் பின் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2015 மே மாதம் திடீர்க் காட்டாற்று வெள்ளத்தில் யாத்திரிகர் சிலர் உயிரிழந்ததன் பின் சதுரகிரியில் கட்டுப்பாடுகள் இறுகின. இப்போது அங்கே இரவு தங்க அனுமதி இல்லை. 2021 முதல் அப்பகுதி திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம். 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய தமிழ்நாடு மலையேற்றத் திட்டத்தில் நாற்பது வழித்தடங்கள் உண்டு. நமது செண்பகத்தோப்புப் பகுதியும் அதில் சேர்ந்திருக்கிறது. பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் உடன் வருவார்கள். இளைஞர்களை அங்கேதான் அழைத்துப் போகிறோம், பகலில், முறையாகப் பதிவு செய்து. மழை பெய்து புல் பச்சையாய் இருக்கும் மாதத்தில்.

துணைக்கு வரும்படி அந்தத் தம்பியை அழைத்தோம். இன்று அவரும் ஐம்பதைத் தொட்டுவிட்டார், ஆலையில் போர்மேன். வருகிறேன் என்றார். அந்தப் பிஸ்கட் டப்பா இன்னும் இருக்கிறதா என்று கேட்டோம்.

"இருக்கு சாமி. இந்தத் தடவ ஒங்க பைய மொதல்ல பாத்துருவேன்."