இன்னும் மேலே வராதவர்கள்

ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் பேஸ்போல் ரீமுக்கு எங்கட ஆக்களுக்குள்ளும் ரசிகர்கள் குறைவில்லை. ஸ்காபரோவில் இருக்கிற எங்கட சொந்தக்காரரின் வீடுகளில் நீலத் தொப்பி இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேணும். ஆனால் நாங்கள் பின்தொடர்கிறது அந்த ரீமை மட்டும் இல்லை. அந்த ரீமுக்கு இன்னும் வந்து சேராத பொடியங்களைத்தான் கூடுதலாகப் பார்க்கிறோம். அவர்களில் அரைவாசிப் பேரின் முகம்கூட எங்களுக்குச் சரியாகத் தெரியாது. பெயர், வயது, எந்த ஊர், எத்தனையாவது சுற்றில் எடுத்தார்கள், நேற்று எத்தனை பேரை ஆட்டமிழக்கச் செய்தான். இவ்வளவுதான் எங்களிடம் இருக்கிறது.

நாங்கள் நாலு பேர். ஒரே பள்ளிக்கூடம் இல்லை, ஒரே ரியூசன். ஒருத்தி கம்பஸில் படிக்கிறாள், ஒருவன் கணக்கியல் சோதனைக்கு மூன்றாம் தரம் ஆயத்தம் செய்கிறான், ஒருத்தி ஒப்பந்த அடிப்படையில் ஒரு அலுவலகத்தில் வேலை, மற்றவன் அப்பாவின் கடையைப் பார்க்கிறான். கிரிக்கெட் தெரியாத ஆக்கள் இல்லை. பேஸ்போல் எங்களுக்குள் வந்தது 2018இல், ஸ்காபரோவில் இருக்கிற ஒரு அண்ணா அனுப்பின குரல்பதிவு ஒன்றால்: "டேய், எங்கட ரீமின்ர கீழ் லீக்கில ஒரு பொடியன் பத்துக்கு நாலு அடிக்கிறான். இப்பவே பேரை எழுதி வையுங்கோ."

எழுதி வைத்த பெயர் விளாடிமிர் குரேரோ ஜூனியர். எல்லே விளையாடின ஆக்களுக்கு பேஸ்போல் விளங்கிறது பெரிய கஷ்டமில்லை. பந்தை அடித்துவிட்டு ஓடி, இடம் பிடிக்க வேணும். பத்துத் தரத்தில் மூன்று தரம் அப்படிச் செய்கிறவன் நல்ல ஆட்டக்காரன். குரேரோ அந்த வருஷம் நியூ ஹாம்ப்ஷயர் அணிக்கு 0.402 என்ற சராசரியில் அடித்தார். வயது 19. இருந்தும் அந்த வருஷம் அவரை ரொறன்ரோவுக்கு எடுக்கவில்லை. களத்தடுப்பு இன்னும் தேற வேணும் என்றது கழகம். ஆட்டத்தைத் தெரிந்த பலர் வேறொரு கணக்கைக் காட்டினார்கள்: மேல் லீக்கில் 172 நாள் இருந்தால் அது ஒரு சேவை வருஷம், அப்படி ஆறு வருஷம் முடிந்தால்தான் வீரர் சுதந்திரமாக வேறு கழகத்துக்குப் போகலாம். ஆளைக் கொஞ்சம் பிந்தி எடுத்தால் கழகத்துக்கு இன்னொரு வருஷம் மிச்சம். அவர் 2019 ஏப்ரல் 26ஆம் திகதிதான் ரொறன்ரோவில் இறங்கினார். விளையாட்டைப் பார்க்கத் தொடங்கின நாங்கள் முதலில் படித்தது இந்த நாள் கணக்கைத்தான்.

கீழ் லீக் என்பது ஒரு ஏணி. அடியில் டொமினிக்கன் குடியரசில் நடக்கிற கோடைகால லீக். மேலே புளோரிடாவில் பயிற்சி மையத்து லீக். அதற்குப் பிறகு நாலு படி: புளோரிடாவின் டனீடின், கனடாவின் வன்கூவர், அமெரிக்காவின் வடகிழக்கில் நியூ ஹாம்ப்ஷயர், கடைசியாக பஃபலோ. பஃபலோவில் இருந்து ரொறன்ரோவுக்குக் காரில் கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம். அந்தத் தூரத்தைக் கடக்கச் சிலருக்கு ஒரு கிழமை போதும், சிலருக்கு மூன்று வருஷம் வேணும், சிலர் கடக்கிறதே இல்லை. ரொறன்ரோவில் இரவு 7.07க்குத் தொடங்குகிற ஆட்டம் எங்களுக்கு விடியப்புறம் 4.37. வன்கூவர் ஆட்டம் என்றால் காலமை ஏழரைக்குப் பிறகுதான். அதனால் எங்களுக்கு வன்கூவரில் கொஞ்சம் பாசம் கூட. பாணும் சம்பலும் சாப்பிட்டபடி பார்க்கலாம்.

'ப்ரொஸ்பெக்ட்' என்ற சொல்லுக்கு நாங்கள் நல்ல தமிழ் ஒன்றைத் தேடினோம். 'எதிர்கால நட்சத்திரம்' என்று எழுதினால் பேப்பர்க்காரர் மாதிரி இருக்கு. கடைசியில் எங்களுக்குள்ளே 'கன்று' என்ற பெயர்தான் நிலைத்தது. மிளகாய்க் கன்று மாதிரி. மேடையில் நெருக்கமாகப் போட்டு, தேறினதைப் பிடுங்கித் தோட்டத்தில் நடுகிறது. தேறாததை யாரும் எண்ணுறதில்லை.

கன்றுகள் வருகிற வழி இரண்டு. ஒன்று ஜூலை மாதத் தெரிவு, அவர்கள் 'ட்ராப்ட்' என்கிறது. 1965இல் தொடங்கியது. அமெரிக்கா, கனடா, புவேர்ட்டோ ரிக்கோவில் பள்ளிக்கூடமோ கல்லூரியோ முடிக்கிற பொடியங்களைக் கழகங்கள் முறைவைத்து எடுக்கும். ஒரு காலத்தில் சுற்றுக்கு முடிவே இல்லாத மாதிரி இருந்தது. 1988இல் 62ஆவது சுற்றில் எடுக்கப்பட்ட மைக் பியாசா பிறகு கௌரவ மண்டபம் வரைக்கும் போனார். இப்போது 20 சுற்றுத்தான். 62ஆவது சுற்றே இல்லை. முதல் 10 சுற்றில் ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு விலை குறித்து வைத்திருக்கிறார்கள். அவற்றின் கூட்டுத்தொகைதான் ஒரு கழகம் செலவழிக்கக்கூடிய பணம். அதை 5 வீதத்துக்கு மேல் தாண்டினால் அடுத்த தெரிவில் முதல் சுற்று உரிமை பறிபோகும். அதனால் கல்லூரிக் கடைசி வருஷத்துப் பொடியனைச் சொற்ப காசுக்கு எடுத்து, மிச்சம் பிடித்ததைப் பள்ளிக்கூடப் பொடியன் ஒருவனுக்குக் கூட்டிக் கொடுப்பார்கள். கல்லூரி முடித்தவனுக்குப் போக வேறு இடமில்லை. பேரம் பேச அவனிடம் ஒன்றும் இல்லை. 18 வயதுக்காரனிடம் இருக்கிறது: "காசு காணாது, நான் கம்பஸுக்குப் போறன்" என்று சொல்லலாம். 2011இல் புளூ ஜேய்ஸ் முதல் சுற்றில் எடுத்த ரைலர் பீடி அப்படித்தான் கையெழுத்து வைக்காமல் வண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். மூன்று வருஷத்துக்குப் பிறகு இன்னொரு கழகம் அவரை இன்னும் முன்னுக்கு, 14ஆவதாக எடுத்தது. எங்கட கணக்கியல்காரனுக்கு இந்தக் கதை நல்ல விருப்பம். இலக்கம் ஒன்றைக் கையில் கொடுத்தபோது அதை வேண்டாம் என்று சொன்ன ஒருவன் இருக்கிறான் என்பதே அவனுக்குப் போதும்.

இரண்டாவது வழி டொமினிக்கன், வெனிசுவேலா, மெக்சிக்கோ போன்ற நாடுகளின் பிள்ளைகளுக்கு. அவர்களுக்குத் தெரிவு இல்லை, 16 வயதில் நேரடி ஒப்பந்தம். குரேரோவுக்கு 2015இல் கிடைத்தது 3.9 மில்லியன் டொலர். அவரது அப்பாவே பெரிய ஆட்டக்காரர். அடுத்த வருஷம் மெக்சிக்கோவின் திஜுவானாவில் இருந்து கட்டையான, உருண்டையான ஒரு பொடியனை மிகச் சின்னத் தொகைக்கு எடுத்தார்கள். அந்த அலெஹான்ட்ரோ கேர்க்கோடு 2025இல் கழகம் செய்த ஒப்பந்தம் ஐந்து வருஷத்துக்கு 58 மில்லியன். ஆனால் இந்த வழியில் வருகிற மற்றப் பிள்ளைகளையும் நினைக்க வேணும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே படிப்பை விட்டு, தனியார் பயிற்றுனர்களிடம் முழுநேரமும் நிற்பவர்கள் ஏராளம். காசு வந்தால் அதில் பயிற்றுனருக்கும் ஒரு பங்கு. வராவிட்டால் 18 வயதில் படிப்பும் இல்லை, பந்தும் இல்லை.

கையெழுத்து வைத்தால் காசு கொட்டும் என்றுதான் ஆரம்பத்தில் எங்களுக்கும் அண்ணா சொன்னார். முதல் சுற்றுக்காரருக்கு அது உண்மை. மற்றவர்களுக்கு நிலைமை வேறு. 2018இல் அமெரிக்க அரசு ஒரு சட்டத்தை நிறைவேற்றி, கீழ் லீக் வீரர்களுக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு கொடுக்கத் தேவையில்லாமல் பண்ணியது. சம்பளம் ஆட்டப் பருவத்துக்கு மட்டும். வசந்தகாலப் பயிற்சிக்குச் சம்பளம் இல்லை. ஒரே அறையில் நாலைந்து பேர், தரையில் காற்றுமெத்தை. 2019இல் புளூ ஜேய்ஸ் தாங்களாகவே 50 வீதத்துக்கு மேல் கூட்டினார்கள். அதைச் செய்த முதல் கழகம் அதுதான். 2021இல் இணைப்பு அணிகளை 160இல் இருந்து 120ஆகக் குறைத்தபோது எங்கட ஏணியில் இருந்து புளூஃபீல்ட், லான்சிங் இரண்டு ஊரும் போய்விட்டன. 2022இல் கீழ் லீக் வீரர்கள் வீரர்கள் சங்கத்தில் சேர்ந்தார்கள். அடுத்த வருஷம் வந்த முதல் கூட்டு ஒப்பந்தத்தில் டனீடின் படிக்கான ஆகக் குறைந்த ஆண்டுச் சம்பளம் 11,000 டொலரில் இருந்து 26,200 ஆனது. பஃபலோ படிக்கு 35,800. டொமினிக்கன் கோடைகால லீக்கில் விளையாடுகிற பிள்ளைகள் அந்தச் சங்கத்துக்குள் இல்லை. ஏணியின் அடிப்படி இன்னும் வெளியேதான் நிற்கிறது.

அந்த ஒப்பந்தத்தில் இன்னொன்றும் இருந்தது. டொமினிக்கன் தவிர்ந்த அணிகளில் ஒரு கழகம் வைத்திருக்கக்கூடிய கீழ் லீக் வீரர்கள் 180 பேராக இருந்தது. 2024இல் இருந்து அது 165. ஜூலையில் 20 பேர் புதிதாக வந்தால் அவர்களுக்கு இடம்விட இருக்கிறவர்களில் ஆட்கள் போகத்தான் வேணும். நாங்கள் மூன்று பேரும் புதிதாகக் கையெழுத்து வைத்தவர்களின் பட்டியலைப் பார்க்கிற நாளில், ஒப்பந்த வேலையில் இருக்கிறவள் முதலில் தேடுகிறது விடுவிக்கப்பட்டவர்களின் பட்டியலை. "வந்தவனைப் பற்றி எல்லாரும் எழுதுவினம். போனவன்ர பேரை ஒருத்தராவது வாசிக்க வேணும்" என்பாள். அவளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருக்கால் ஒப்பந்தம் புதுப்பிக்கிறார்கள். புதுப்பிக்கிற கிழமையில் அவள் குழுவில் ஒன்றுமே எழுதமாட்டாள்.

அவளுடைய ஆள் ஏர்னி கிளெமென்ட். 2023 மார்ச்சில் ஓக்லண்ட் கழகம் அவரை விடுவித்தது. புளூ ஜேய்ஸ் கீழ் லீக் ஒப்பந்தம் ஒன்று கொடுத்து பஃபலோவுக்கு அனுப்பியது. 2025 இறுதிச் சுற்றுகளில் அவர் 30 தரம் அடித்து இடம் பிடித்தார். ஒரே வருஷத்து இறுதிச் சுற்றுகளில் அவ்வளவு தரம் அடித்தவர் அதற்கு முன் யாரும் இல்லை. கணக்கியல்காரனின் ஆள் றோய் ஹலடே. 1995இல் முதல் சுற்றுத் தெரிவு. 2000ஆம் ஆண்டு மேல் லீக்கில் ஒன்பது இனிங்ஸுக்கு 10.64 ஓட்டம் கொடுத்தார். வரலாற்றிலேயே மிக மோசமான வருஷங்களில் ஒன்று. அடுத்த வருஷம் அவரை ஏணியின் கீழ்ப் படிக்கே, டனீடினுக்கு இறக்கினார்கள். அங்கே மெல் குயீன் என்ற பயிற்றுனர் அவர் பந்து எறிகிற கையின் கோணத்தையே மாற்றினார். 2003இல் அவர் தன் லீக்கின் சிறந்த பந்துவீச்சாளர். மேலே போகிறது மட்டும் இல்லை, இறக்கப்பட்ட இடத்தில் திரும்பவும் பழகுகிறதும் இந்த ஏணியில் நடக்கிறது.

2025 எங்களுக்குப் பெரிய வருஷம். 2024 தெரிவில் முதல் சுற்றில் வந்த ட்ரே யெசாவேஜ், டனீடினில் தொடங்கி நாலு படியையும் ஒரே பருவத்தில் ஏறி, செப்டெம்பரில் ரொறன்ரோவுக்கு வந்தார். ஒக்டோபர் கடைசியில் உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். உலகத் தொடரில் ஒரு புதுமுக வீரர் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. ஏப்ரலில் நாங்கள் பெயர் எழுதி வைத்த கன்று அது. அதே 2024 தெரிவில் இரண்டாம் சுற்றில் வந்த கால் ஸ்டீபனும் எங்கட கொப்பியில் இருந்தார். அவரை ஜூலை 31ஆம் திகதி கிளீவ்லண்டுக்குக் கொடுத்து அனுபவசாலியான ஷேன் பீபரை வாங்கினார்கள். ஒரே தெரிவு, ஒரே நிறச் சட்டை. ஒருவர் உலகத் தொடரில் எறிந்தார், மற்றவர் விலையாகப் போனார்.

அன்றைக்கு எங்களுக்குள் நல்ல சண்டை. "இது மாட்டுச் சந்தைதானே. பல்லைப் பார்த்து விலை பேசுறதை நாங்கள் காலமை எழும்பி இருந்து ரசிக்கிறம்" என்றான் கடைக்காரன். கம்பஸ்காரி அதை மறுக்கவில்லை. சந்தை இருக்கிறது என்பதற்காக அங்கே நிற்கிறவனைப் பாராமல் விடலாமோ என்று மட்டும் கேட்டாள். இதற்கு எங்களிடம் இன்றைக்கும் முடிந்த முடிவு இல்லை. ஆனால் ஒன்றை மாற்றியிருக்கிறோம். கொப்பியில் இப்போது யாரையும் வெட்டுறதில்லை. விற்றாலும் விடுவித்தாலும் பெயர் இருக்கும், பக்கத்தில் எங்கே போனான் என்று எழுதுவோம். வேறு கழகம், சுதந்திர லீக், பள்ளிக்கூடப் பயிற்றுனர், தெரியாது. 'தெரியாது'தான் ஆகக் கூட.

1993க்குப் பிறகு முதல் தடவையாக உலகத் தொடருக்கு வந்த புளூ ஜேய்ஸ், ஏழாவது ஆட்டத்தில் 11ஆவது இனிங்ஸில் 5-4 என்று தோற்றது. எங்களுக்கு அது நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கிட்ட. வென்ற ஓட்டத்தைத் தந்த பந்தை எறிந்தவர் அந்த பீபர்தான். அண்ணா ஸ்காபரோவில் இருந்து அழுகிற சத்தத்தோடு ஒரு குரல்பதிவு போட்டார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு இன்னொன்று: "சரி விடுங்கோ. கீழ ஆர் ஆர் நிக்கினம் எண்டு சொல்லுங்கோ."

கொப்பியை எடுத்து ஒவ்வொரு பெயராக வாசித்துக் குரல்பதிவில் அனுப்பினோம். ஜூலையில் இன்னும் 20 சுற்று இருக்கிறது. கடைசிச் சுற்றின் பெயரையும் எழுதுவோம்.