டகோட்டாவின் வால்

விமானச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் புகுந்த தலைமுறை நாங்கள். வாப்பாவுக்கு அது வேறு. கல்லோயாவுக்கு எயார் சிலோன் விமானம் வந்துபோன காலத்துப் பையன் அவர். படுக்கையில் விழுந்த பிறகு ஒரு நாள் கேட்டார்: "அந்த டகோட்டா ஒண்டாவது எங்கயும் மிச்சமிருக்கா மனே? ஒரு படம் எடுத்துத் தா."

இரத்மலானை விமானப்படை நூதனசாலையில் ஒன்று நிற்கிறது. 1935 நவம்பர் 27இல்தான் இரத்மலானையில் முதல் விமானம் இறங்கியது. சரியாக இருபது நாள் கழித்து, டிசெம்பர் 17இல், டகோட்டாவின் மூல வடிவமான டிசி-3 அமெரிக்காவில் முதன்முதலாகப் பறந்தது. நிலையமும் விமானமும் ஒரே வயது. 1947 டிசெம்பரில் எயார் சிலோன் தன் முதல் பயணத்தை இங்கிருந்து தொடங்கியதும் டகோட்டாவில்தான்.

போய் நின்றேன். கமராவை எடுக்கக் கை வரவில்லை. யுத்த காலத்தில், படமொன்றில் பாலம் விழுந்துவிட்டதென்று சோதனைச்சாவடியில் என் பிலிம் சுருளை இழுத்து வெயிலில் காட்டினார்கள். தங்கச்சியின் கலியாணப் படங்களும் அதோடு போயின. 2019 ஏப்ரலுக்குப் பிறகு கமராவைத் தொடவே பயம். தாடி வேறு.

சீருடைக்காரர் ஒருவர் நெருங்கினார். நெஞ்சு அடித்துக்கொண்டது.

"இன்னும் பின்னால போங்க சேர், வால் படத்தில வராது" என்றார் உடைந்த தமிழில்.

உண்மைதான். வால் தரையிலும் மூக்கு வானத்தைப் பார்த்தும் நிற்கும் விமானம் அது. குந்தியிருந்து, இறக்கையில் வெயில் தெறிக்காமல் ஒரு மேகம் வரும்வரை காத்து, பதினொரு படம் எடுத்தேன்.

வாப்பா நெடுநேரம் பார்த்தார். எஞ்சினை விரலால் தடவினார்.

"சத்தத்தப் பிடிக்கேலாதா மனே?"